சுவரில் சாய்ந்திருந்த சூடு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் நான் தேநீர் ஊற்ற எழும்பிப் போகிற ஆள். என் வேலை அப்படி. ஒரு வீட்டில் எந்த வழியால் சூடு வெளியேறுகிறது, எந்த வழியால் ஈரம் உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். "இந்த வீட்டிலை என்னவோ இருக்குது" என்று சொன்ன பலருடைய வீடுகளுக்குப் போயிருக்கிறேன். போன இடமெல்லாம் இருந்தது ஓர் ஓட்டை, இல்லாவிட்டால் கசியும் குழாய், இல்லாவிட்டால் அடைபட்ட காற்றுப்பாதை. ஆகவே இனிச் சொல்லப்போவதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நானே இன்னும் நம்பி முடிக்கவில்லை.

அப்போது நானும் அம்மாவும் அஜின்கோர்ட் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், வாடகைக்கு இருந்தோம். மேல் வீட்டில் வீட்டுக்காரர் குணம் அங்கிளும் அன்ரியும். நல்ல மனிதர்கள்தான், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்ராற்றை ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்ததைத் தவிர. மேலே அங்கிள் பெனியனோடு தொலைக்காட்சி பார்ப்பார், கீழே நாங்கள் ஜாக்கெற் போட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவோம். அந்தப் பகுதியில் பேஸ்மென்றில் இருந்த யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவின் நெஞ்சுதான் பிரச்சினை. மன்னாரிலிருந்து வந்த முதல் குளிர்காலத்திலேயே அவருக்கு மூச்சிரைத்து முட்டு இழுக்கத் தொடங்கியது. அறையின் வெளிச்சுவரில் அலுமாரிக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். அறையைக் காயவைக்காமல் மருந்து மட்டும் தந்து பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு வீடு தேடினால் எங்கள் கைக்கு எட்டியதெல்லாம் இன்னொரு பேஸ்மென்ற். அம்மா தன் பாட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"பெரிய வெள்ளிக்கு முதல் இது சுகப்படாட்டி நான் ஊருக்குப் போறன் மின்னி. எனக்காண்டி நீ கஷ்டப்படாதை."

"அங்கை ஆர் இருக்கினம் உங்களைப் பாக்க?"

"கடல் காத்து இருக்கு."

அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. கடல் காற்று அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாது என்று சொன்னேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

செய்யக்கூடியதை எல்லாம் ஒழுங்குமுறையாகச் செய்தேன். சுவரைக் கழுவி மருந்து பூசினேன், அலுமாரியை இழுத்துச் சுவருக்கு இடைவெளி விட்டேன், உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கழற்றினேன், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கி வைத்தேன், ஜன்னல் விளிம்புகளை அடைத்தேன். பூஞ்சணம் சில கிழமை விடுமுறையில் போய்வந்ததுபோல் திரும்பி வந்தது. இதற்கிடையில் அம்மா தன் கட்டிலைத் தானே இழுத்து உள்மூலைக்குக் கொண்டுபோயிருந்தார். ஏன் என்று கேட்டேன். அந்தப் பக்கம் மூச்சு லேசாக இருக்கிறதாம். அதைக் கட்டில் மாறிய திருப்தி என்று நினைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, வேலையிடத்து வெப்பக் கமராவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். குளிரான இடத்தை நீலமாகவும் சூடான இடத்தை மஞ்சளாகவும் காட்டுகிற கமரா. வெளிச்சுவர் நான் எதிர்பார்த்தபடியே கடுநீலம். அப்படியே திருப்பிக்கொண்டு வந்தால், அம்மாவின் கட்டில் தலைமாட்டுக்குப் பக்கத்தில், சுவரின் அடிப்பகுதியில் மஞ்சளாக ஓர் உருவம். ஒரு முதுகு, இரண்டு தோள்கள், கொஞ்சம் சரிந்த தலை. நிலத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்த ஓர் ஆளின் அளவு.

நான் பயப்படவில்லை. சுவரில் யாராவது சாய்ந்திருந்துவிட்டு எழும்பினால் அந்த இடம் சில நிமிடத்துக்கு இப்படித்தான் தெரியும். நான் படித்த தொழில் வகுப்பில் முதல்நாளே காட்டுகிற வேடிக்கை அது.

"அம்மா, சுவரிலை சாய்ஞ்சு நிலத்திலை இருந்தனீங்களோ?"

"என்ரை நாரி நோவுக்கு நான் நிலத்திலை இருந்தா எழுப்ப நீ கிரேன் எல்லோ கொண்டுவரவேணும்!" என்று குசினியிலிருந்து பதில் வந்தது.

காத்திருந்தேன். மஞ்சள் ஆறவில்லை. சரி, சுவருக்குள் சுடுதண்ணீர்க் குழாய்? அந்தப் பக்கத்தால் குழாய் எதுவும் போகவில்லை. மின்கம்பி சூடாகியிருக்குமோ? கம்பி தோளும் தலையுமாகச் சூடாகாது. என் உடற்சூட்டின் பிரதிபலிப்போ என்று தள்ளிப் போய், குந்தியிருந்து, கதவுக்கு வெளியே நின்றெல்லாம் பார்த்தேன். உருவம் நகரவில்லை. கடைசியில் கையை வைத்தேன். இதை எப்படிச் சொல்வது? குளிர்காலத்தில் பஸ்ஸில், ஒருவர் எழும்பிப்போன சீற்றில் நீங்கள் போய் இருந்தால் ஓர் இளஞ்சூடு இருக்குமே, ஒரு மாதிரிக் கூச்சமாக இருக்குமே, அந்தச் சூடு.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பூஞ்சணம் மெதுவாக அந்த உள்சுவருக்கும் படர்ந்து வந்திருந்தது. ஆனால் கறுப்புப் புள்ளிகள் அந்த உருவத்தின் ஓரம்வரை வந்து நின்றிருந்தன. உள்ளே ஒரு புள்ளி இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அறைக்குள் வந்தார், வழக்கமான இருமல். திரையில் அந்தத் தலை இருந்த மஞ்சள் அம்மாவின் பக்கமாகக் கொஞ்சம் சரிந்தது. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கமராவை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். சரிந்தபடியே இருந்தது.

அடுத்தநாள் குணம் அங்கிள் உடுப்புக் கூடையோடு கீழே இறங்கினார். வோஷிங் மெஷின் எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன்.

"உது என்ன பிள்ளை, எக்ஸ்ரேயோ?"

என்னவென்று விளங்கப்படுத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், பிறகு இறக்கிப் பார்த்தார்.

"எந்த இடம் உது?"

"அம்மாவின்ரை கட்டிலடி."

கூடையைக் கீழே வைத்தார். "உதிலைதான் அன்ரன் இருக்கிறவன்."

"ஆர் அன்ரன்?"

"உங்களுக்கு முதல் இருந்த பெடியன். உங்கடை ஊர்ப் பக்கம்தான். வேலையாலை வந்தா உதிலைதான் சாய்ஞ்சு இருப்பான். கட்டில் கிடக்கு, செற்றி கிடக்கு, அவன் நிலத்திலை. ஏன்ரா எண்டு கேட்டா, சும்மா அங்கிள் எண்டு சிரிப்பான்."

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "ஐயோ, செத்துப்போனானோ?"

"சீச்சீ! எட்மன்ரனிலை நல்லா இருக்கிறான். இப்பவும் பிள்ளையின்ரை பிறந்தநாள் படம் அனுப்பினவன்."

"அப்ப இது ஆர்?" என்று அம்மா கேட்டார். அங்கிள் போய் அந்த இடத்தில் சுவரைத் தட்டினார். பொள்ளல் சத்தம். திரும்பி நின்றார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது. இதுக்குள்ளை காத்து இழுக்கிற ஓட்டை ஒண்டு இருக்கு. நான்தான் பலகை அடிச்சு மூடினனான்."

காரணம் வெள்ளிக்கிழமை. அன்ரி வெள்ளிக்கிழமைகளில் விரதம், பின்னேரம் சாமியறையில் விளக்கு வைப்பார். அன்ரன் கத்தோலிக்கப் பெடியன், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டான், ஆகவே மீன் பொரிப்பான். அறையின் காற்றை உறிஞ்சி, சூடாக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்து, வீடு முழுக்கத் திரும்பிப் போகவைப்பதுதான் அந்த ஓட்டையின் வேலை. அது மீன் வாசத்தையும் சேர்த்து நேரே சாமியறைக்கு அனுப்பியிருக்கிறது. அன்ரனிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அவன் இல்லாத நேரம் பார்த்து அங்கிள் பழைய கம்பளியை உள்ளே திணித்து, பலகை அடித்து, பூசிப் பெயின்ற் அடித்துவிட்டார். இரு தரப்பு விரதமும் காப்பாற்றப்பட்டது. அறையின் மூச்சு மட்டும் நின்றுபோனது. பழைய பேஸ்மென்ற்கள் பலவற்றில் அப்படி ஒரு வழி வைப்பதே இல்லை, இங்கும் இல்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

"மூடின பிறகும் அவன் உதிலைதான் இருந்தான்," என்றார் அங்கிள். "ஏன் குளிருது எண்டு ஒரு சொல் கேக்கேல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி."

அன்றைக்கே பலகையைக் கழற்றினோம். கம்பளி கறுத்து, நனைந்த நாய்போல் வெளியே வந்தது. அன்ரி படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, வெள்ளிக்கிழமையிலை மட்டும் மீன் வேண்டாம், நான் மரக்கறி தந்துவிடுறன்," என்றார். அம்மா, "உங்கடை கத்தரிக்காய்க் குழம்பெண்டா நான் எல்லா நாளும் விரதம்," என்றார். முட்டு இழுத்துக்கொண்டே சொன்னார்.

பிறகு நடந்ததெல்லாம் என் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். காற்று ஓடியது, அறை சூடானது, சுவர் காய்ந்தது. பழுதான பலகைகளை அங்கிள் தன் செலவில் மாற்றினார். பெரிய வெள்ளிக்கு அம்மா கோயிலில் சிலுவைப்பாதை முழுவதும் நடந்தார், முட்டுக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்ப் கைப்பையிலேயே இருந்தது. ஊருக்குப் போகும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கமராவில் சுவர் முழுக்க ஒரே மஞ்சள். ஆகவே அந்த உருவம் போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த இடம் முன்பும் சூடாக இருந்ததா என்று தெரிந்தால் என் மனம் ஆறும் என்று நினைத்தேன். அங்கிளிடம் நம்பர் வாங்கி அன்ரனுக்குப் போன் எடுத்தேன். குணம் அங்கிளின் பேஸ்மென்றில் இருக்கிற ஆள் என்று மட்டும் சொல்லி, சுவரைப் பற்றிக் கேட்டேன்.

"சூடோ? ஐஸ் அக்கா, ஐஸ்," என்று சிரித்தார்.

"பிறகேன் அதிலை போய் இருந்தனீங்கள்?"

பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"சொன்னா விசரன் எண்டு நினைப்பீங்கள். அந்த மூலையிலை ஆரோ இருமுறது கேக்கும். வயசான பொம்பிளை. முட்டு இழுக்கிற மாதிரி. முதல் மேல்வீட்டு அன்ரி எண்டு நினைச்சன், அவ கோயிலுக்குப் போன நேரமும் கேட்டுது."

"பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா அந்தக் குளிருக்கை ஒரு மனுசி இருமுறா, என்ன செய்யிறது? பக்கத்திலை போய் இருந்தன். நான் சாய்ஞ்சா இருமல் குறையும். அதுதான் ஒவ்வொரு நாளும் இருந்தனான். பிறகு ஒரு நாள் அப்படியே நிண்டுட்டுது. நானும் வீடு மாறி வந்துட்டன்."

அவர் தொடர்ந்து கேட்டார்.

"அக்கா, அவ 'மின்னி, பம்பை எடு' எண்டு கூப்பிடுவா. மின்னி உங்கடை பேரோ?"

மின்னி என்று என்னைக் கூப்பிடுவது அம்மா ஒருவர்தான். அன்ரன் அங்கே இருந்த காலத்தில் நாங்கள் அந்த வீட்டைக் கண்டதே இல்லை. மேலே அங்கிளின் காதில் அந்தப் பெயர் விழுந்திருக்கலாம், அவர் அன்ரனுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அங்கிளைக் கேட்டேன். இல்லை என்றார். மறந்திருப்பார். என் கையில் மிஞ்சியிருக்கும் விளக்கம் அது ஒன்றுதான், அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நாங்கள் மோர்னிங்சைட்டில் ஓர் உயரமான கட்டடத்தில் இருக்கிறோம். சூட்டுக்குக் குறைவில்லை, அம்மா நடுக் குளிர்காலத்தில் ஜன்னல் திறக்கிறார், பூஞ்சணத்துக்கு இடமே இல்லை. ஆனால் மப்பும் மந்தாரமுமான பின்னேரங்களில் என் அறை மூலையில் ஒரு சின்னப் பிள்ளை இருமுவது கேட்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் வீடு இல்லை, வெறும் ஆகாயம். அம்மாவுக்குக் கேட்பதில்லை. வெப்பக் கமராவை நான் இன்றுவரை இந்த வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். தேநீரை எடுத்துக்கொண்டு போய் அந்த மூலையில் நிலத்தில் இருந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் இருமல் குறைந்துவிடுகிறது.