நசீர் பாயும் நான் வெட்டிய பத்தியும்

ஞாயிறு காலை நசீர் பாயின் மகள் போன் செய்து, "அங்கிள், அப்பா மவுத்தாயிட்டாங்க" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். எங்களுக்குள் ஒரு சண்டை பாக்கி இருந்தது. அதை முடிக்காமல் போய்விட்டாரே மனிதர்.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே மேசையில் நாங்கள் தரம் பிரித்தோம். அவர் ஒவ்வொரு தோலையும் இரண்டு பக்கமும் புரட்டுவார், தடவுவார், வடு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். லாரி வாசலிலேயே நிற்கும். "சீக்கிரம் பாய்" என்று கெஞ்சினால், "வட்டம் போட்டா தோல் கெட்டுடாது தனபாலு. போடலன்னாதான் வாங்குறவன் நம்மள நம்பமாட்டான்" என்பார்.

ஓய்வு பெற்றதும் வரலாறு படிக்கத் தொடங்கினார். படித்தவர் சும்மா இருந்தாரா? டீக்கடையில் யாராவது அந்தக் காலத்து முஸ்லிம் அரசர்கள் எல்லோரும் கோயில் இடித்தவர்கள் என்றால், கோயிலுக்கு நிலம் மானியமாக விட்டவர்களைச் சொல்வார். சொந்தக்காரர்கள் அது பொற்காலம் என்றால், பிற மதத்தார் கட்டிய ஜிஸியா என்ற தலைவரியைச் சொல்வார். இரு தரப்புக்கும் பேஜார். நடுவில் மாட்டிக்கொண்டு சமாதானம் பேசியவன் நான்.

போன ஆண்டு எங்கள் மத நல்லிணக்கக் குழுவின் விழா மலருக்கு அந்த அரசர்களைப் பற்றியே ஒரு கட்டுரை கொடுத்தார். தொகுத்தவன் நான். விழா நாளில் எதற்கு வம்பு என்று, அவரைக் கேட்காமலே கடைசிப் பத்தியை வெட்டிவிட்டேன். அச்சில் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

"இன்னா தனபாலு, ஒரு பக்கம் மட்டும் பாத்து கிரேடு போட்டுட்டியா?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் வீம்பு. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் போகவில்லை.

ஞாயிறு மாலை மையவாடியில் அடக்கம் செய்தபோது நானும் மூன்று பிடி மண் போட்டேன். திரும்பும் வழியிலேயே குழுவினர், "குறையே இல்லாத மனுஷன்னு ஒரு அஞ்சலி எழுதிக் குடுங்க" என்றார்கள். குறையா இல்லை? பிடிவாதக்காரர். யாரையும் நிம்மதியாக டீ குடிக்க விடாதவர். நான் மன்னிப்புக் கேட்கும்வரை காத்திருக்காதவர். வட்டம் போட்டுவிட்டேன் பாய். நான் வெட்டிய பத்தி இதோ:

"அந்த அரசுகள் பிற மதத்தாரை வாழவிட்டன. பலருக்குப் பதவி கொடுத்தன, சில கோயில்களுக்கு நிலம் விட்டன. சில கோயில்களை இடிக்கவும் செய்தன, தலைவரியும் வாங்கின. வாழவிட்டார்கள், சமமாக வைக்கவில்லை. இதைச் சொல்ல நாம் கூச்சப்பட்டால், அவர்களைவிட ஒரு படி மேலே போக நம்மால் முடியாது."

ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. போய் வாருங்கள்.