கரவானுக்கு எதிரே என் கூடாரம்

அத்தான் கரவான் வாங்கிய கதை பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பல் முழுக்கப் பரவிவிட்டது. அத்தான் என்றால் என் கணவரின் தமையன். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் வீடு, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற அந்தச் சக்கர வீட்டை அவர் காட்டாத ஆள் பாக்கியில்லை. எண்பதுகளில் எங்கள் ஆட்களிடம் கரவான் என்றால் சும்மாவா? ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்களையும் கூப்பிட்டார்.

"காட்டுக்குள்ளை நல்ல காம்பிங் ஒண்டு இருக்கு, பிள்ளை. நாலு நாள். எல்லாரும் கரவானுக்குள்ளையே படுக்கலாம்."

"வாறம் அத்தான். ஆனா நாங்கள் கூடாரம் கொண்டு வருவம்," என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்களிடம் கூடாரமே கிடையாது.

ஆனால் காரணம் அவருக்குத் தெரியும். பிரான்சுக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் அத்தான் வீட்டில்தான் ஒட்டிக்கொண்டிருந்தோம். வேளைக்குச் சாப்பாடு போட்டார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் குளித்தால் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பயம், மகள் அழுதால் பயம், இருமவும் பயம். மார்க்ஸ் டோர்மோய்த் தெருவில் ஒற்றை அறை கிடைத்த அன்றைக்கே சத்தியம் பண்ணினேன், இனி அந்த மனிதரின் கூரைக்குக் கீழே ஒரு இரவும் படுப்பதில்லை என்று. கரவானின் கூரையும் கூரைதானே.

பழைய சாமான் சந்தையில் ஒரு பச்சைக் கூடாரம் வாங்கினேன். காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தான் கரவானை நிறுத்தி, நாலு காலையும் இறக்கி, பத்து நிமிடத்தில் தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்துவிட்டார். நாங்கள் எதிரே இரண்டு மணித்தியாலம் கம்பிகளோடு மல்லுக்கட்டினோம். கூடாரம் இரண்டு தரம் எங்கள் தலையிலேயே விழுந்தது.

"காத்தடிச்சா பாரிசுக்கே பறந்திடும் போலை கிடக்கு," என்று அத்தான் நக்கலடித்தார்.

"நல்லதாப் போச்சு, ரிக்கற் எடுக்கத் தேவையில்லை," என்றேன்.

கூடாரம் எழும்பியதும் நான் செய்த முதல் வேலை முற்றம் கூட்டியது. ஓம், விளக்குமாறு கொண்டுபோயிருந்தேன். அது இல்லாமல் ஒரு பெண் எங்கே போவாள்? கூடாரத்தைச் சுற்றிக் கிடந்த சருகு, பைன் மரத்து ஊசியிலை, பாசி எல்லாவற்றையும் வழித்தெடுத்து வெறும் மண் தெரியும்வரை கூட்டினேன். காலையில் தண்ணீரும் தெளித்தேன். பக்கத்துக் கூடாரத்துப் பிரெஞ்சுக்காரி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். என் துப்பரவைப் புகழ்கிறாள் என்று நினைத்து, "மெர்சி, மதாம்" என்றேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. அவள் சொன்னது அப்போதுதான் விளங்கியது. தண்ணீரைக் குடிக்கிற சருகைத்தான் நான் கூட்டி எறிந்திருந்தேன். மற்றவர்களின் கூடாரங்கள் சருகின்மேல் சுகமாக இருக்க, என் அழகான முற்றம் மட்டும் களியாகக் கரைந்து கூடாரத்துக்குள் ஓடி வந்தது. பாய் நனைந்தது, தலையணை நனைந்தது.

"விசர் வேலை பாக்காதையும். வாரும், கரவானுக்குப் போவம். பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகுது," என்றார் என் கணவர்.

"பிள்ளையைக் கொண்டு போங்கோ. நான் வரேல்லை."

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் அத்தான் குடையோடு வந்து வெளியில் நின்றார். மற்றக் கையில் ஒரு சின்ன மண்வெட்டி.

"பிள்ளை, எழும்பி வாரும்."

"நான் வரேல்லை, அத்தான்."

"நான் உங்களை எப்பவாவது வீட்டை விட்டுப் போகச் சொன்னனானோ?"

"இல்லை."

"அப்ப ஏன் இந்தப் பிடிவாதம்?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அந்த ரெண்டு வருசமும் நான் ஒருநாளாவது வாய்விட்டுச் சிரிச்சனானோ, யோசிச்சுப் பாருங்கோ. இது ஒழுகிற கூடாரமெண்டாலும் என்ரை. நான் இஞ்சைதான் இருப்பன்."

அவர் முகத்தைப் பார்த்து நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தரம். அவர் குடையை மடக்கி மரத்தில் சாத்திவிட்டுக் கூடாரத்தைச் சுற்றித் தண்ணீர் வழிந்தோடக் கான் வெட்டத் தொடங்கினார். நானும் இறங்கிப்போய்ச் சாப்பாட்டுக் கோப்பையால் சேற்றை வழித்தெறிந்தேன். அரை மணித்தியாலத்தில் தண்ணீர் திரும்பிக் கானோடு ஓடியது. நான் உள்ளே போய்ப் பாயைப் பிழிந்து உதறினேன்.

அவருடைய கரவான் எட்டடி தூரத்தில் இருந்தது. அவர் அங்கே போகவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் வாசலில் குனிந்து நின்றார். தன் வீட்டில் எங்கள் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வருகிற மனிதர்.

"உள்ளுக்கை வரலாமோ, பிள்ளை?"

"வாங்கோ அத்தான்," என்றேன். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."