செல்வம் அண்ணனின் பதினாறு கட்டங்கள்

ஒரு தாளில் கொஞ்ச இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தால், விட்டவர் மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதா, நம்மை நம்பி விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதா? முப்பத்துமூன்று வயதாகிறது, ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டேன், எனக்கு இன்னும் பதில் தெரியாது.

போன கிழமை மகளின் முன்பள்ளியிலிருந்து வந்த சித்திரக் கொப்பியில் ஒரு முழுப் பக்கம் வெள்ளையாக இருந்தது. கீழே, 'நீங்கள் விரும்பியதை வரையுங்கள்'. முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். பிறகு, பிள்ளை ஒன்றும் வரையாமல் கொண்டுபோனால் ஆசிரியை என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கவலை வந்தது. அவள் உடுப்பு மாற்றி வருவதற்குள் பென்சிலால் மெல்லிய புள்ளிகள் வைத்து ஒரு வீடு, ஒரு தென்னை, ஒரு சூரியன் போட்டுவிட்டேன். புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போவது மட்டும்தான் அவளுடைய வேலை. வந்து பார்த்தவள், "அம்மா, நான் பல்லி வரையலாம்னு இருந்தேன்" என்றாள். பிறகு பெரிய மனுஷி மாதிரி ஒரு மூச்சு விட்டுவிட்டுப் புள்ளிகளைத் தொட்டாள். மறுநாள் ஆசிரியை 'மிக நன்று' என்று எழுதி நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார். அன்று முழுவதும் நான் சந்தோஷமாகவே இருந்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிராம்பு வாசம் வந்தது. மாத்தளையில் அது அதிசயமில்லை. எதிர்வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். ஆனால் எனக்குக் கிராம்பு என்றால் ட்ரம்பெட்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நான் முதல் வேலையில் சேர்ந்த காலத்தில், நாலைந்து அரசாங்கக் கந்தோர்களின் நலன்புரிச் சங்கங்கள் சேர்ந்து ஒரு பெரிய பேண்ட் வைத்திருந்தன. அது தானாக வந்து எங்கள் தலையில் விழுந்தது என்று சொல்வதுதான் சரி. ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிற ஒரு நட்புறவுக் குழுவுக்கு, தண்ணீர்த் தாங்கி ஒன்று கேட்டு சங்கம் கடிதம் எழுதியிருந்தது. பதிலாகப் பதினேழு வாத்தியங்கள் வந்தன. கூடவே ஜாஸ் பேண்டுக்கான ஸ்விங் இசைத்தாள்கள் ஒரு பெட்டி. அடுத்த வருடம் நேரில் வந்து கேட்பார்களாம். எங்கள் ஊரில் கச்சேரிக்குப் போகிறேன் என்றால், மாவட்ட அரச அலுவலகத்தில் படிவம் கொடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். மற்றக் கச்சேரியை எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கொன்வென்ட்டில் படிக்கும்போது மேலைத்தேய சங்கீதத்தில் ஐந்தாம் தரத் தியரிப் பரீட்சை எழுதியிருந்தேன்; அதனால் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பதவி இதுதான். ஸ்விங் இசையை அதற்கு முன் ஒருதரமும் கேட்டதில்லை. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பிசகாமல் எண்ணத் தெரியும்.

பெட்டியைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசம். உள்ளே முப்பதுக்கு மேற்பட்ட அரேஞ்ச்மென்ட்கள். ஒரே பாட்டைப் பதினேழு பேருக்கும் பங்கு பிரித்து எழுதிய தாள்கட்டுக்கு அப்படிப் பெயர். அவற்றில் மூன்றைப் பொறுக்க ஒரு குழு போட்டார்கள். கூட்டக் கடிதத்தில் நான் 'ஸ்விங் அரேஞ்ச்மென்ட் தெரிவு' என்றுதான் எழுதினேன். மேலே போய்த் தூய தமிழாகித் திரும்பியபோது அது 'ஊஞ்சல் ஒழுங்குகள் தெரிவு' ஆகியிருந்தது. ஊரெல்லாம் ஊஞ்சல் கட்டும் சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய நேரம் வேறு. விளையாட்டுச் செயலாளர் ஒரு சுருள் கயிறோடும், வளவு மாமரத்தின் எந்தக் கிளை எத்தனை பேரைத் தாங்கும் என்ற அறிக்கையோடும் வந்து உட்கார்ந்தார். விஷயம் விளங்கிய பிறகும் அவர் எழும்பவில்லை. அழைப்புக் கடிதம் கையில் இருந்ததால் வாக்குரிமை கேட்டார். கொடுத்தோம்.

குழுவின் தலைவர் கணேசலிங்கம் சேர். நிர்வாக உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடங்களாகியும் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளாதவர். முதல் தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, மேலே இருந்த குறிப்பைச் சுட்டினார்.

"இதில என்ன போட்டிருக்கு, பிள்ளை?"

"ஸ்விங்கா வாசிக்கணும்னு சேர். ரெண்டு சுரமும் ஒரே அளவாதான் எழுதியிருக்கும். ஆனா வாசிக்கிறப்ப முதலாவது நீளமா, அடுத்தது கட்டையா வரணுமாம்."

"அப்ப எழுதினபடி வாசிக்கக் கூடாது?"

"கூடாது சேர்."

"எழுதினபடி வாசிக்கக் கூடாதெண்டால் ஏன் எழுதினவை?"

ட்ரம்பெட்காரர்கள் உட்கார்ந்திருந்த ஓரத்திலிருந்து ஒரு குரல்: "சுற்றுநிருபம் மாதிரித்தான் சேர். வந்தபடி யாரு செய்றாங்க?"

கணேசலிங்கம் சேரைத் தவிர எல்லோரும் சிரித்தோம். சொன்னவர் செல்வம் அண்ணன். இரத்தோட்டைப் பக்கம் வாசனைப்பயிர்த் தோட்டங்களைப் பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தர். கிராம்பு, மிளகு மாதிரிகள் கிடக்கும் அதே பையில்தான் ட்ரம்பெட்டும் மோட்டார் சைக்கிளில் வரும். அவர் ஊதினால் முன்வரிசைக்கு முதலில் வருவது கிராம்பு, பிறகுதான் சத்தம்.

தெரிவு எப்படி நடந்தது என்று கேளுங்கள். ஒரு நல்ல அரேஞ்ச்மென்ட், ட்ரொம்போன் வாசித்த ரிஸ்வான் நானாவால் விழுந்தது. தன் பங்குத்தாளின் கட்டங்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தவர், "நாப்பது பார் நான் சும்மா இரிக்கணுமாம். சும்மா இரிக்க அரை நாள் லீவு போட்டு வரணுமா? அத நான் கந்தோர்லயே செய்றேனே!" என்றார். இன்னொன்று, சாக்ஸபோனில் மூன்றாம் தர உத்தியோகத்தருக்குத் தனி வாசிப்பும் முதலாம் தரத்துக்கு வெறும் துணையும் வந்ததால் விழுந்தது. மற்றொன்றின் தாள்கட்டு மெலிவாக இருந்தது. வெளிநாட்டுக்காரர் முன் இவ்வளவுதானா என்று தோன்றும் என்றார்கள். கடைசியில் இரண்டு தேறின. இரண்டிலும் எல்லோரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவதைச் செல்வம் அண்ணன் கையிலேயே வைத்திருந்தார். நடுவில் ட்ரம்பெட்டுக்குப் பதினாறு கட்டங்கள். சுரம் எதுவும் இல்லை. மேலே சில ஆங்கில எழுத்துகள், கீழே சாய்ந்த கோடுகள். மற்றவர்கள் தாளம் போட, அவர் மனதில் வருவதை அந்த நேரத்தில் வாசிக்க வேண்டும்.

"மத்த ரெண்டும் ஒங்க விருப்பம் தங்கச்சி. இது மட்டும் இருக்கட்டும்" என்றார், கூட்டம் கலையும்போது மெதுவாக. "இருபது வருஷமா ஊதுறேன். கல்யாண வீடு, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ், எல்லாம் மத்தவங்க மெட்டு. எனக்குன்னு யாரும் எடம் விட்டதில்ல."

அடுத்த வியாழக்கிழமை ஒத்திகையில் அதை வாசித்துப் பார்த்தோம். வளைவில் எதிரே லொறியைக் கண்ட இரத்தோட்டை பஸ்காரன் ஹோர்ன் அடிப்பதுபோலத் தொடங்கினார். பிறகு அந்த ஹோர்னே கோபம் ஆறிச் சிரிப்பதுபோல் ஆயிற்று. எங்கோ சரிந்து கீழே போய், விழுந்துவிட்டார் என்று நாங்கள் பயந்த நேரத்தில், வேறு பக்கத்தால் ஏறி வந்தார். பதினாறு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து நுழைய வேண்டும். ஒருவரும் நுழையவில்லை, மறந்துபோனோம். எண்ணுவதற்கென்றே நியமிக்கப்பட்ட நானும் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ரிஸ்வான் நானா மட்டும், "அல்லாவே, இந்த மனுஷன் இவ்வளவு நாளும் இத எங்க ஒளிச்சி வெச்சிருந்த?" என்றார்.

கூட்டக் குறிப்பில் 'செல்வம் அவர்களுக்குப் பதினாறு பார்' என்று எழுதியிருந்தேன். மேலதிகாரிகள் படித்தால் உத்தியோகத்தர் ஒருவருக்குப் பதினாறு மதுக்கடை இருப்பதாக நினைப்பார்கள் என்று திருத்தச் சொன்னார்கள். 'கட்டங்கள்' என்று மாற்றினேன். குறிப்போடு தாள்களும் கணேசலிங்கம் சேரின் கையெழுத்துக்குப் போயின. மற்ற இரண்டும் வந்தன. மூன்றாவது வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"இது முடியாத கடதாசி, பிள்ளை. நடுவில ஒண்டும் எழுதேல்லை."

"அது அப்படித்தான் சேர். அண்ணன் அங்கே தன் விருப்பப்படி வாசிப்பார்."

"என்ன வாசிப்பார்?"

"அது அன்னிக்குத்தான் தெரியும் சேர்."

"அவருக்கே தெரியாதோ?"

"தெரியாது சேர்."

பேனாவை மூடினார். "வெறும் இடத்துக்கு மேல கையெழுத்து வைக்கக் கூடாது எண்டுதான் உத்தியோகத்துக்கு வந்த அண்டைக்கு எனக்குச் சொல்லித் தந்தவை. நாளைக்கு அவர் அதில எதையாவது ஊதினால் ஆர் பொறுப்பு? நிரப்பிக் கொண்டு வாரும். இல்லாட்டில் விடும்."

இந்த இடத்தில் நான் வாதாடியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்று எனக்குத் தோன்றியது வேறு: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. நிரந்தர நியமனம் வேறு இன்னும் கைக்கு வரவில்லை. செல்வம் அண்ணன் கேட்ட அரேஞ்ச்மென்டைக் காப்பாற்றவேண்டும், அதுதானே முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தியரிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பதினாறு கட்டங்களையும் நிரப்பினேன். நாலு கட்டம் படிப்படியாக ஏறும், நாலு கட்டம் இறங்கும், நாலு மறுபடி ஏறும், கடைசி நாலில் பத்திரமாக வீடு வந்து சேரும். ஒரு விதியும் மீறவில்லை. கறுப்பு மையில் அச்சு மாதிரி எழுதி, போட்டோக் கொப்பி எடுத்து, அசலை மேசை லாச்சிக்குள் வைத்தேன். திங்கட்கிழமை காலை கையெழுத்து விழுந்தது.

செல்வம் அண்ணன் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஓ, இதுக்கு எழுத்தும் இருக்கா? அங்கேருந்து பொறகு அனுப்பினாங்களா?"

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துதான்.

"அப்ப நான் ஊதினது பிழை" என்றார். கோபமில்லாமல், பஸ் நேரம் மாறியதைத் தெரிந்துகொண்டவர்போல.

அவருக்குச் சுரம் வாசிப்பது எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி. இரண்டு மாதம் அந்தப் பதினாறோடு போராடினார். விழா நாளில், முன்வரிசையில் வெளிநாட்டு விருந்தினர்கள் இருக்க, எழுந்து நின்று, ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். நாங்களும் சரியான இடத்தில் நுழைந்தோம். கணேசலிங்கம் சேர் வந்து, "எல்லாம் எழுதினபடி!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய வாயால் அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

விருந்தினர்களில் சாக்ஸபோன் வாசிக்கும் ஒரு நரைத்த அம்மா இருந்தார். தேநீர் நேரத்தில் என்னைச் செல்வம் அண்ணனிடம் அழைத்துப் போனார். அந்த இடத்தை அவருக்கென்றுதானே விட்டிருந்தோம், அவருடைய சொந்த வாசிப்பைக் கேட்க ஆசையாக வந்தேன், ஏன் வாசிக்கவில்லை என்று கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். செல்வம் அண்ணன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவாம் தங்கச்சி?"

"ரொம்ப நல்லா வாசிச்சீங்களாம்" என்றேன்.

அவர் அந்த அம்மாவுக்குக் கைகூப்பினார். அந்த அம்மாவும் தன் கேள்விக்கு அது ஏதோ பதில் என்று நினைத்து, கைகூப்பினார்.

பேண்ட் அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. ரிஸ்வான் நானாவுக்கு நாவுலவுக்கு இடமாற்றம், கணேசலிங்கம் சேருக்கு ஓய்வு, எனக்குக் கல்யாணம். வாத்தியங்கள் களஞ்சியத்தில் பூட்டப்பட்டன. திறப்பு யாரிடம் என்பதற்கு ஒரு கோப்பு இருக்கிறதாம். நாங்கள் ஒத்திகை பார்த்த மண்டபத்தைப் பலகையால் தடுத்து வரிசை நிற்கும் இடமாக்கிவிட்டார்கள். தண்ணீர்த் தாங்கி இன்னும் வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மாத்தளை பஸ் நிலையத்தில் செல்வம் அண்ணனைக் கண்டேன். ஓய்வு பெற்றுவிட்டார். இரத்தோட்டையில் ஆறு பிள்ளைகளுக்கு ட்ரம்பெட் சொல்லிக் கொடுக்கிறாராம். எதைக் கொண்டு என்று கேட்டேன்.

"அந்தப் பதினாறு பார்தான் தங்கச்சி. நான் ஒழுங்கா படிச்சது அது ஒன்னுதானே. நாலு ஏறுது, நாலு எறங்குது. புள்ளைங்களுக்கு லேசு."

"ஒத்திகையில நீங்களா ஒன்னு வாசிச்சீங்களே அண்ணன், ஹோர்ன் மாதிரி..."

"அதா?" சிரித்தார். "அது சும்மா வெளையாட்டுக்கு ஊதினது. இப்ப கேட்டா வராது." பிறகு பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஒரு ஒதவி பண்ணுங்க. அந்த சோலோவ எழுதின ஆளுக்கு இங்கிலீஷ்ல ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தாங்க. என்னை மனுஷனாக்கினவரு. போறதுக்கு முன்ன ஒரு வார்த்தை சொல்லணும்ல" என்றார்.

விழாவில் அவர் வாசித்ததை மூன்று பேர் கைபேசியில் பதிந்திருக்கிறார்கள். அது எனக்கும் மனப்பாடம். ஒத்திகையில் வாசித்ததை யாரும் பதியவில்லை. எத்தனையோ தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டேன். முதல் ஹோர்னுக்கு அப்பால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அது இனி இல்லை.

வருகிற பௌர்ணமிக்கு, போயா விடுமுறையன்று, கடிதத்தை வாங்கிப்போக வீட்டுக்கு வருவதாக நேற்றுச் சொல்லியனுப்பியிருக்கிறார். உண்மையைச் சொன்னால், அவர் பெருமையாக வைத்திருக்கும் ஒன்றையும் நான் பறித்துவிடுவேன். ஆறு பிள்ளைகள் முன்னால் அவர் என்ன செய்வார்? சொல்லாவிட்டால், எனக்கு நானே நன்றி எழுதி, அவர் கையெழுத்துக்குக் கொடுக்க வேண்டும். இதை எழுதியதே சரியா என்றும் தெரியவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் தவிர வேறு வாசிக்கவும் மாட்டார். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். போயாவுக்கு முன் கிடைத்தால் நல்லது.