இரண்டு கையையும் எடுத்து

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை டவுனுக்குப் போகும் ரோட்டோரத்தில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. பெரிய கட்டடமெல்லாம் இல்லை; ஒரு தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு உண்டியல். வைத்த புண்ணியவான்கள் வேறு இடமே கிடைக்காததுபோல, ரோடு மடங்கித் திரும்பும் முடக்கில் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அங்கே வந்ததும் எங்கள் டிரைவர்மாருக்குப் பக்தி பொங்கிவிடும். ஹார்னை அடித்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம் சாவகாசமாக வண்டியைப் பிடிப்பார்கள். அதுவரைக்கும் வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் பதுளையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தார். காலை பஸ்ஸை நம்பினால் வேலை போய்விடும் என்று, லயத்தில் அடுத்தடுத்த வீட்டு ஆட்களோடு சேர்ந்து ஒரு ஆட்டோவில் போவார். மற்றவர்கள் பின்னால் நெருக்கிக்கொள்ள, இவர் முன்னால் டிரைவரை ஒட்டி அரைச் சீட்டில் தொங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக அதே ஆட்டோவில் போனோம். அந்த முடக்கில் டிரைவர் கையை எடுத்ததும் நான் முன்கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, மனசுக்குள்ள கும்புட்டா சாமிக்குக் கேக்காதா? கைய எடுக்காதீங்க" என்றேன்.

"இத்தன வருசமா ஓட்டுறேன் அக்கா, ஆத்தா ஒரு கீறல் விழ விட்டதில்ல" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டை போட்டேன். நீங்களாவது சொல்லுங்கள் என்றேன்.

"சாமி கும்புடுறவனப் போயி எப்புடி புள்ள வேணாங்குறது? நாலு பேரு என்ன நெனப்பாங்க?" என்றார்.

அவன் குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் இறங்கியிருப்பார். வேகமாக ஓட்டியிருந்தால் திட்டியிருப்பார். இதற்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, அவன் கையை எடுத்த நேரம் முன்சக்கரம் குழியில் இறங்கி ஹேண்டில் திரும்பிக்கொண்டது. ஆட்டோ பள்ளத்துத் தேயிலைக்குள் உருண்டது. மற்றவர்கள் அடிபட்டாலும் எழுந்து வந்தார்கள். விளிம்பில் இருந்த இவர் வண்டிக்கு அடியில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

சாவு வீட்டில், "ஆத்தா புண்ணியத்துல மத்தவங்க தப்பிச்சாங்க" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் அதே அம்மனுக்கு விளக்கு வைக்கிறவள்தான். ஓடுகிற வண்டியில் கையை விடச் சொல்லி அவள் யாரிடம் கேட்டாள்?

கோயிலை ரோடு நேராக இருக்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லி, கோயில் கமிட்டிக்காரர்களிடம் நடையாய் நடந்தேன். உயிர்ப்பலி விழுந்த இடத்தை விட்டுச் சாமியை எடுக்கக் கூடாது என்று சொல்லி, அங்கேயே பெரிதாகக் கட்டி, மணியும் மாட்டிவிட்டார்கள்.

இப்போது நான் பதுளைக்கு வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில். அந்த முடக்கு வந்ததும் டிரைவர் கையை எடுக்கிறார். சீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான்.