கரண்ட் ஊரில் சார்ஜ் தீர்ந்தவர்கள்

செல்ஃபோன் சர்வீஸ் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நன்றாக இருக்கிற ஃபோனோடு ஒருத்தரும் கடைப் படியேற மாட்டார்கள். செத்த ஃபோன், சாகக் கிடக்கிற ஃபோன், இரண்டு பர்சென்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கிற ஃபோன், இதுதான் எனக்கு வரும். கூடவே ஃபோனைவிட மோசமான நிலைமையில் அதன் சொந்தக்காரர் வருவார்.

மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு கடை. பாதி எனக்கு. மீதிப் பாதி, கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற ஜாகீர் பாய்க்கு. கடை வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். எங்கெங்கோ இருக்கிற ஊர்களுக்கு அங்கிருந்து கரண்ட் போகும். நிலையத்து ஊழியர்கள் குடியிருக்கிற டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஃபேன் நிற்காது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு, அந்த மின்வெட்டு வருஷங்களில், பாதி நாள் கரண்ட் இருக்காது. பவர் பேங்க் என்று ஒரு சாமான் கடைகளுக்கு வந்தபோது, எங்கள் ஊரை நினைத்துத்தான் யாரோ இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நம்பினேன். நூற்றுக்கணக்கில் விற்றேன், பிரித்தேன், சரி செய்தேன். அந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்று இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன்.

பஸ்ஸில் பாதி வழியில் பேட்டரி சிவப்பாக மாறியதைப் பார்த்துப் பதறியவர்தானே நீங்களும்? அப்படியானால் நம்ம ஆள்தான். கேளுங்கள்.

ஐம்பதாயிரம்

ஏழுமலை, ஊருக்குப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து, செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்க்கை என் மேசையில் வைத்தார். சென்னையில் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் நடைபாதைக் கடையில் வாங்கியதாம். மேலே பெரிய எழுத்தில் 50000 எம்ஏஹெச் என்று, அதாவது அவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று, போட்டிருந்தது. “ஒரு வாரத்துக்கு சார்ஜே தேவையில்லன்னு சொன்னான்க்கா. பாதி ஃபோன்கூட ஏற மாட்டேங்குது. ஒயரு சரியில்ல போல, மாத்திக் குடுங்க” என்றார்.

கையில் எடுத்து ஆட்டினேன். உள்ளே சரசரவென்று சத்தம். எந்த பேட்டரியும் அப்படிச் சரசரக்காது. ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தால், ஓரமாக ஒரே ஒரு பேட்டரி செல். அதுவும் பழைய லேப்டாப்பிலிருந்து உருவியது. மீதி இடம் முழுக்க பிளாஸ்டிக் பையில் கட்டிய மணல். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டுமே, அதற்காக. “பெரிய எழுத்தைப் பார்த்து வாங்காதீங்க. கையடக்க சைஸ்ல ஐம்பதாயிரம்னா அது பொய். ஃபோனுக்கு நெஜமா எவ்வளவு போகும்னு பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கும், அதப் பாருங்க. அங்க ஒண்ணுமே இல்லன்னா கீழ வெச்சிட்டு வந்துடுங்க” என்றேன். ஏழுமலை அந்த மணல் பையை விரலால் அழுத்திப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

“எட்டு மணி நேரமும் மண்ணுதான்க்கா வாரிக்கினு இருக்கேன். அது போதாதுன்னு மெட்ராஸ்ல போயி ஒரு பாக்கெட் மண்ணு காசு குடுத்து வாங்கினு வந்திருக்கேன் பாருங்க!”

பத்தாயிரத்தில் எவ்வளவு

திருவதிகைப் பக்கத்திலிருந்து ஒரு பலாப்பழ வியாபாரி வருவார். தோப்பு தோப்பாக அலைகிறவர். காதிலிருந்து ஃபோன் இறங்காது. என்னிடம் பத்தாயிரம் எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கிப்போனவர், ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். கடையில் நாலைந்து பேர் இருக்கும்போதே ஆரம்பித்தார். “என் ஃபோன் பேட்டரி மூவாயிரம். அப்ப மூணு தரம் ஃபுல்லா ஏறணும். ரெண்டு தரத்துக்கு மேல ஏறலியே. வியாபாரிகிட்டயே வியாபாரம் பண்றியாம்மா?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் கடைச் சாமான் நல்ல சாமான். உள்ளே இருக்கிற செல்லுக்கு ஒரு வோல்ட், வெளியே ஃபோனுக்குப் போவது வேறு வோல்ட், மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும், ஒயரில் கொஞ்சம் போகும், ஆகப் பத்தாயிரத்தில் ஆறாயிரத்துச் சொச்சம்தான் ஃபோனுக்குச் சேரும் என்று பேப்பரில் படம் போட்டே விளக்கினேன். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். பிறகு சட்டென்று முகம் தெளிந்தது. அவர் சொன்னதைத்தான் அதற்குப் பிறகு எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா? இருபது கிலோ பலாப்பழத்துல இருபது கிலோவுமா சுளை இருக்கும்? தோலு, சக்கை, கொட்டை எல்லாம் போவ மீதிதானே!”

ஒரு ஆம்பியர்

அனல்மின் நிலையத்தில் பெரிய பதவியில் இருந்த ஒரு இன்ஜினியர், ரிட்டயர் ஆக ஆறு மாதம் இருக்கும்போது கடைக்கு வந்தார். ராமநாதன் சார். சட்டைப் பையில் பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர். பவர் பேங்க்கை மேசையில் வைத்து, “இது டிஃபெக்டிவ் பீஸ். ஃபோன் ஃபுல் ஆக அஞ்சு மணி நேரம் ஆகுது. எனக்கு எலெக்ட்ரிசிட்டி பத்தி விளக்கம் வேண்டாம், மாத்திக் குடுத்தா போதும்” என்றார்.

விளக்கம் சொல்லவில்லை. அவர் பையிலிருந்த ஒயரைக் கேட்டேன். எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். மூன்று மீட்டர் இருக்கும், நூல் மாதிரி மெலிசு. சோபாவில் உட்கார்ந்தபடி பேச வசதியாக இருக்கிறதாம். பவர் பேங்க்கில் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று ஒரு ஆம்பியர், இன்னொன்று இரண்டு. சார் சொருகியிருந்தது முதல் ஓட்டையில். கரண்ட் அளக்கிற சின்ன மீட்டரை நடுவில் மாட்டி அவர் முன்னால் வைத்தேன். அவருடைய ஒயரில் அரை ஆம்பியர்கூடப் போகவில்லை. பிறகு ஒரு சாண் நீளத்தில் தடிமனான ஒயரை எடுத்து, இரண்டாவது ஓட்டையில் சொருகினேன். மீட்டர் ஒன்று புள்ளி எட்டு ஆம்பியருக்கு ஏறி நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“முப்பது வருஷமா மெகாவாட்டுக்குக் கீழ பேசினதில்லம்மா. கடைசியில ஒரு ஆம்பியர்ல தோத்துட்டேன்.”

குவைத்திலிருந்து வந்தது

எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் மும்தாஜின் கணவர் குவைத்தில் டிரைவர். அவர் அனுப்பிய பவர் பேங்க் ஒன்றை அவள் இரண்டு வருஷமாக உயிராக வைத்திருந்தாள். ஒருநாள் ஒயர் வாங்க வந்தவள், பையிலிருந்து அதை எடுத்தாள். அதன் வயிறு உப்பி, மூடி பிளந்திருக்க, பிளந்த இடத்தில் இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். “நல்லாத்தான் ஓடுது. தலகாணிக்கு அடியில வெச்சிக்கிறேன், பாப்பா பக்கத்துல தூங்குது, வெளிச்சம் கண்ணுல படக் கூடாதுன்னு” என்றாள். பாப்பாவுக்கு மூன்று வயசு.

நான் அதை அழுத்தாமல் மெதுவாக வாங்கி, வாசலில் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியில் கொண்டுபோய் வைத்தேன். “உப்பின பேட்டரி எப்ப வேணாலும் தீப்பிடிக்கும். இதுக்கு இனிமே சார்ஜ் போடக் கூடாது, நசுக்கக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலயும் வீசக் கூடாது. பழைய பேட்டரி எடுக்கிறவங்க வருவாங்க, நான் குடுத்துடறேன்” என்றேன். அவள் விடவில்லை. கண் கலங்கிவிட்டது. “அவரு ஆசையா அனுப்புனதுங்க. அவரக் கேக்காம எப்படித் தூக்கிப் போடுவேன்?” சரி, கேட்டே விடுவோம் என்று என் ஃபோனில் வீடியோ கால் போட்டோம். குவைத்தில் அவர் வண்டியை ஓரம் கட்டியிருந்தார். வாளியைக் காட்டினேன். தலையணை விஷயத்தையும் சொன்னேன். பிறகு ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“மும்தாஜு, நான் அனுப்புனது நீ என்கூடப் பேசிக்கினு இருக்கறதுக்குத்தான். அது போனா போவட்டும், வேற வாங்கிக்கலாம். பாப்பாவ எந்தக் கடையில வாங்குறது?”

என் வண்டி டிக்கி

என் கதையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு மே மாதம், கடைக்கு வந்த புதுச் சரக்கில் நல்லதாக ஒன்றை எனக்கென்று எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில் போட்டேன். அப்படியே மறந்துவிட்டேன். வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றது. சாயங்காலம் திறந்தால் உள்ளே அடுப்பு மாதிரி அனல். பவர் பேங்க்கின் முதுகு வளைந்திருந்தது. அன்று காலையில்தான், ‘வெயிலில் வைக்காதீர்கள்’ என்று பெரிதாக எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். ஜாகீர் பாய் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்.

“அந்த நோட்டீஸ நீங்க வெளியே பாக்குற மாதிரி ஒட்டிட்டீங்க ஸ்டெல்லா. உள்ளே பாக்குற மாதிரியும் ஒண்ணு ஒட்டுங்க.”

ஈர ஃபோன்

ஒரு கார்த்திகை மாதம் பெரிய புயல் அடித்தது. முந்திரி மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. டவுன்ஷிப்பில் மறுநாளே கரண்ட் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் நாலு நாளாக இல்லை. குவார்ட்டர்ஸில் இருக்கும் என் சிநேகிதி ஜெயந்தி வீட்டில் கடையிலிருந்த ஒன்பது பவர் பேங்க்கையும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து, மேசையில் பரப்பினேன். ஆளுக்கு இருபது நிமிஷம். ஃபோனை ஆஃப் செய்துதான் தர வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் ஏறும். உறையைக் கழற்றிவிட வேண்டும், சூடு தங்காது. வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நின்றது.

அந்த வரிசையை இடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். குப்புசாமி, பக்கத்துக் கிராமத்தில் கரும்பு போட்டிருக்கிறவர். வேட்டி முழங்கால் வரை சேறு. முந்தின நாள் விறகு எடுக்கப் போன அவர் மனைவியைப் பாம்பு கடித்துவிட்டது. பையன்தான் யாரோ ஒருத்தர் வேனில் அவளை ஏற்றிக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். மாட்டுக் கொட்டகை விழுந்து மாடுகள் வெளியே நிற்பதால் இவர் தங்கிவிட்டார். அதற்குப் பிறகு சேதி இல்லை. ஃபோன் அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லை என்று நினைத்து சைக்கிளை மிதித்து வந்திருக்கிறார்.

ஃபோனை வாங்கிக் கவிழ்த்து உதறினேன். சார்ஜ் போடுகிற ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேட்டி மடியில் செருகியிருந்தது மழையில் நனைந்திருக்கிறது. “இதுக்கு இப்ப சார்ஜ் போட முடியாதுங்க” என்றேன். அவர் மேசையில் ஓங்கித் தட்டினார். “ஊருக்கெல்லாம் போடற, எனக்குப் போட மாட்டியா? என் பொண்டாட்டி அங்க சாவக் கெடக்கறா!” வரிசையில் நின்றவர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். “போட்டுக் குடும்மா, பாவம்.” ஆனால் எனக்குத் தெரியும். ஈரத்தில் கரண்ட் ஏறினால் உள்ளே போர்டு எரிந்துபோகும், அதோடு அந்த ஃபோன் முடிந்தது, சூடேறிக் கையையும் சுட்டுவிடும். “உங்களுக்கு இப்ப ஃபோன் வேண்டாம். நம்பர்தான் வேணும்” என்று சொல்லிவிட்டு, சிம்மை உருவித் துடைத்து, சின்ன சிம்மைப் பெரிதாக்குகிற ஒரு அடாப்டரில் பொருத்தி என்னுடைய பட்டன் ஃபோனில் போட்டேன். டவர் வந்தது. பையன் நம்பரைச் சொல்லுங்கள் என்றால், அவர் விழித்தார். நம்பரெல்லாம் நனைந்த ஃபோனுக்குள் இருக்கிறது. அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு.

காத்திருந்தோம். யாரோ அவருக்கு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். ஃபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். புதுப் பாட்டை காலர் டியூனாக வைக்க ஒன்றை அழுத்தச் சொல்லி ஒரு பெண் குரல், பதிவு செய்தது. ஜாகீர் பாய் அவர் வாயில் வரவே வராத ஒரு வார்த்தையைச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். “அப்பா, காலையிலேர்ந்து அடிச்சிக்கினே இருக்கேன், எங்க போன? அம்மா கண்ணு முழிச்சிடுச்சி. பொழச்சிக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு” என்றான் பையன். குப்புசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டீ கொட்டிவிட்டது. அவருடைய ஃபோனைப் பிரித்து, துடைத்து, கரண்ட் வந்ததும் இரண்டு நாள் ஃபேன் காற்றில் காயவைத்த பிறகு சார்ஜ் போட்டேன், அதுவும் பிழைத்துக்கொண்டது. ஆனால் அது பிறகு. அன்றைக்கு, அந்த ஸ்பீக்கரில், ஃபோன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் மெலிந்த குரல், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

“எனக்கு ஒண்ணும் இல்ல, கெடக்குது. நீ மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா, இல்லியா?”

* * *

ஊரார் ஃபோனுக்கெல்லாம் நூறு பர்சென்ட் ஏற்றிவிட்டு வாழ்ந்தவள் நான் என்று பெருமையாகச் சொல்லத்தான் ஆசை, ஆனால் இதை எழுதி முடிக்கிற இந்த நிமிஷத்தில் என் ஃபோனில் மிச்சமிருப்பது நாலே பர்சென்ட்.