மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறுக்கு நாற்பது டப்பா கடல் சேற்றோடு

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அடையாறில் ஒரு ஆய்வகத்தில் அளவிடும் இயந்திரத்தை எனக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் அடுத்த முறை மூன்று மாதம் கழித்துத்தான். என் ஆய்வேட்டுக் கெடு அதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் இந்த எட்டு கிலோமீட்டர் பயணம். இப்படிப்பட்ட மாதிரிகளோடு நீங்களும் சென்னைக்கு வருவதாக இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

சுமை இதுதான்: இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எடுத்த அடிச்சேறு, மேலிருந்து கீழாக வரிசை எண் போட்ட நாற்பது சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில். சேறு படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். பூமியின் காந்தம் கடைசியாகத் தலைகீழானது சுமார் ஏழே முக்கால் லட்சம் ஆண்டுகளுக்கு முன். எந்த டப்பாவில் திசை புரள்கிறதோ, அந்தச் சேற்றின் வயது அந்த ஏழே முக்கால் லட்சம். புரளவில்லையென்றால் என் ஐந்து வருஷ உழைப்பு வெறும் சேறுதான்.

முந்தைய நாள் டப்பாக்களை ஒரு பெட்டியில் அடுக்கி, சேறு காயாமலிருக்க மேற்கு மாம்பலம் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில், கதவின் காந்தப் பட்டைக்கு எட்டாமல், இட்லி மாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவ்வளவு ஜாக்கிரதை! காலை 9.40க்கு ஆட்டோ, பேசி 220 ரூபாய். குலுங்கக் கூடாதென்று பெட்டியைத் துண்டில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். தி.நகரைத் தாண்டவே 10.15 ஆகிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆழ்வார்பேட்டை சிக்னலில் டிரைவர் என் தவிப்பைப் பார்த்துப் பாட்டு போட்டார். சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஸ்பீக்கர். உள்ளே கட்டிக் காந்தம். அடிப்பாவி, பெட்டியை அதன் தலைமேலேயே வைத்திருக்கிறேன்.

பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு சீட் நுனிக்கு நகர்ந்தேன்.

"இன்னாக்கா, பாட்டு புடிக்கலயா? நிறுத்திட்டேன்."

"பாட்டு நின்னுடும்ண்ணா, காந்தம் நிக்காதே."

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ உள்ள கீறதெல்லாம் பூட்ச்சாக்கா?"

தெரியவில்லை என்றேன். ராஜா அண்ணாமலைபுரம், பாலம், எதையும் நான் பார்க்கவில்லை. 10.52க்கு இறக்கிவிட்டார்.

முதல் அளவீட்டில் நாற்பது டப்பாவும் ஒரே கோணல் திசையைக் காட்டின. அது ஸ்பீக்கரின் கைவரிசை. ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது: மாறி மாறித் திரும்பும் காந்தப்புலத்தில் வைத்தால் புதிதாக ஒட்டியது முதலில் கழன்றுவிடும், பழசு சுலபத்தில் விடாது. படிப்படியாகக் கழற்றினேன். மாலை ஐந்து மணிக்கு, இருபத்தாறாம் டப்பா வரை ஒரு திசை. இருபத்தேழிலிருந்து தலைகீழ். நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். அப்படியேதான் இருந்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். ஏறும் முன் சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கால் மரத்தாலும்.

திரும்பும்போது வேறு ஆட்டோ. பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தேன், அங்கேயும் ஸ்பீக்கர். டப்பாக்கள் ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தன. ஏறி உட்கார்ந்து, சாய்ந்துகொண்டு, டிரைவரைப் பாட்டு போடச் சொன்னேன்.