அக்காவுக்காகப் பிடித்த அரைநாள்

என் கல்யாணப் போட்டோ ஒன்றில்கூட என் அக்கா இல்லை. இதை யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்து, எல்லாரும் போட்டோ எடுக்கவும் சாப்பிடவும் மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தது. "அரை மணி நேரம்தான்டா, பாடிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், பந்தியெல்லாம் முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கும்போது வந்தாள்.

அன்று அவள் பாடிய பாட்டு பிறகு சக்கைப்போடு போட்டது. பஸ்ஸில் கேட்டேன், முடிவெட்டும் கடையில் கேட்டேன், என் பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வருஷக்கணக்காகக் கேட்டேன். கேட்டபோதெல்லாம் வயிறு எரிந்தது. ஏனென்றால் அதில் இருந்தது அவள் குரல் இல்லை.

அவளுடைய வேலை அப்படி. பெரிய பாடகி வருவதற்கு முன்னால், பாட்டு எப்படிப் போகும் என்று காட்ட இன்னொருத்தி பாடி வைக்க வேண்டும். டிராக் பாடுவது என்பார்கள். பெரிய பாடகி வந்து அதைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுத் தன் குரலில் பாடுவார். அதன்பிறகு முதலில் பாடியதை அழித்துவிடுவார்கள். என் அக்கா வாழ்நாள் முழுக்கப் பாடியது அந்த அழிக்கிற பாட்டைத்தான். ஸ்டுடியோக்காரர்கள் எல்லாருக்கும் அவள் 'டிராக் அக்கா'.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அப்படிப் பாடித்தான் என்னை வளர்த்தாள். எட்டாவதுக்கு மேலே என்னைத் தள்ளிவிட அவள் படாத பாடு பட்டாள், நான்தான் நகரவில்லை. வெல்டிங் கற்றுக்கொண்டேன். பட்டறைக்கு மேலே வீடு, அதற்கு மேலே மொட்டைமாடி அறையில் அக்கா. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வர்றவன் நான் பாடறதைக் கேக்கணும்பான். எங்க போய்க் காட்டறது?" என்று சிரிப்பாள்.

தொடக்கத்தில் அவளும் கொஞ்சம் ஆசைப்பட்டுத்தான் பாடினாள். ஒரு பாட்டில் ஓர் இடத்தில் குரலை அழகாக வளைத்து இறக்கியிருக்கிறாள். வந்த பெரிய பாடகி அதைக் கேட்டுவிட்டு, "நான் பாட வந்தேனா, இந்தப் பொண்ணு மாதிரி பாடிக் காட்ட வந்தேனா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் யாரும் அக்காவைக் கூப்பிடவில்லை. வீட்டில் உலை வைப்பதே பாடாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது அவள் அடங்கிவிட்டாள். கோடு போட்டாற்போல நேராகப் பாடுவாள். குலுக்கல், இழுப்பு, வளைவு ஒன்றும் கிடையாது. அதெல்லாம் வரப்போகிறவர்களின் உரிமை.

வீட்டில் பாடவே மாட்டாள். என் மனைவி சீண்டுவாள்: "வீட்டுல ஒரு பாட்டுக்காரங்க இருக்காங்கன்னு சொன்னா எவளும் நம்பல அண்ணி. எங்க குக்கர்கூடச் சுதி சேர்ந்து கூவுது."

"அதையே ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். தண்ணி ஊத்தினா போதும், வாயாடாது."

ஒருநாள் அவள் கழுத்தில் கட்டி தென்பட்டது. விழுங்கும்போது தடுக்கிறது என்று ஒரு வருஷமாக அவள் சொல்லவில்லை. பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: கட்டியை எடுத்தே ஆக வேண்டும், குரல் நரம்பு அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, குரலுக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

வண்டியில் திரும்பும்போது அக்கா சொன்னாள்: "ஸ்டுடியோல ஒரு அரைநாள் புடிச்சுக் குடுடா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பாட்டும் வைத்திருந்தாள். ஒரு இசையமைப்பாளர் ஒரு படத்துக்காகப் போட்ட மெட்டு அது. படம் பாதியில் நின்றுபோயிற்று, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போவதற்கு முன்னால் அக்காவிடம், "இதை இதுவரைக்கும் யாரும் பாடல, நீ வச்சுக்கோம்மா" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவளிடம் இருந்ததில் வேறு குரல் விழாத ஒரே பாட்டு அதுதான்.

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனேன். தரைக்குக் கீழே இருந்தது அது. இத்தனை வருஷம் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளி கேட்டிலேயே நின்றவன் நான். படியிறங்கி உள்ளே போனது அன்றுதான். ஒலிப்பதிவாளர் சின்ன வயசுக்காரர், ஹெட்போனைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருந்தார்.

"மியூசிக் ரெடியா இருக்கா சார், இல்ல வந்து வாசிக்கிறாங்களா?"

"கீபோர்டு வாசிக்க ஒருத்தர் வருவாரு."

"பாட்டையும் கீபோர்டையும் சேர்த்தே எடுக்கணுமா, தனித்தனியாவா?"

நான் முழித்தேன். "எப்படி எடுத்தா நல்லா வருமோ அப்படி எடுங்க தம்பி. எனக்குக் கம்பி ஒட்டத்தான் தெரியும்."

பாடப்போவது யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "டிராக் அக்காவா? அவங்களுக்கு அரைநாள் எதுக்கு சார், ஒரே டேக்ல முடிச்சுடுவாங்க. சரி, ஃபைனல் யாரு பாடறாங்க? அவங்களுக்கும் இப்பவே தேதி போட்டுடறேன்."

"இவங்கதான் ஃபைனல்."

"அது சரி சார். அப்புறமா பாட வர்றது யாரு?"

"யாரும் வரமாட்டாங்க. அவ பேரை மட்டும் போடுங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேரவேண்டும்.

அந்த நாட்களில் அக்கா வீட்டில் பாடினாள். நான் பட்டறையில் கிரைண்டரை நிறுத்திவிட்டேன். ஜன்னல் கம்பி கேட்டு வந்தவர், "மிஷின் ரிப்பேரா?" என்றார். "காது ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவைத்தேன். மாடியிலிருந்து அந்த மெட்டு இறங்கி வரும். கொஞ்ச நேரத்தில் இருமல் வந்து நிற்கும். வெந்நீர் கேட்பாள். மறுபடி தொடங்குவாள்.

செவ்வாய்க்கிழமை வளையலைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தாள்; மைக்கில் சத்தம் விழுமாம். சரசரக்காத பழைய பருத்தித் துணியாக உடுத்திக்கொண்டாள். அரை வயிறுதான் சாப்பிட்டாள். "முழு வயிறும் பாட விடாது, காலி வயிறும் கத்திக் காட்டிக் குடுத்துடும்" என்றாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரோடு என்னையும் உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் அக்கா, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். கீபோர்டுக்காரர் தொடங்கினார். அவள் பாடினாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. ஒலிப்பதிவாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பாடியதைப் போட்டுக் காட்டினார்கள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சுத்தமா இருக்குக்கா" என்றார் அவர்.

"சுத்தமாத்தான் இருக்கு. கூட்டிப் பெருக்கி வெள்ளையடிச்ச காலி வீடு மாதிரி. குடி வர ஆள்தான் இல்ல."

அவர் யோசித்தார். "அளவெல்லாம் பார்க்காதீங்கக்கா. உங்க இஷ்டத்துக்குப் பாடுங்க."

இரண்டாம் தடவை பாடும்போது ஓரிடத்தில் குரலைச் சுழற்றினாள். உடனே நிறுத்தினாள். "இது அந்தப் பெரிய பாடகியம்மா போடற சங்கதி. எனக்கு வேண்டாம்." மறுபடி பாடினாள், வேறுமாதிரி வளைத்தாள். "இதுவும் இன்னொருத்தங்களோடது." ஒவ்வொரு தடவையும் அப்படியே நடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே யாரோ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். சங்கதி இல்லாமல் பாடினால் பழையபடி கோடு.

எனக்கு எல்லாமே நன்றாகத்தான் கேட்டது. அவள் முகம் வெளுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு ஒலிப்பதிவாளர்மேல் கோபம் வந்தது. "மொதல்லயே நல்லாருக்குன்னு சொன்னீங்கல்ல? அப்புறம் எதுக்கு அவளை வாட்டறீங்க? நாளன்னைக்குக் கழுத்துல கத்தி வைக்கப் போறாங்கய்யா."

அவள் அதை அங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சு அவள் காதுக்குப் போகும் பொத்தான் அழுந்தியே இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. கீபோர்டுக்காரரும் கேட்டுவிட்டார்; கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா மைக்கில் சொன்னாள்: "அவன் கிடக்கான் தம்பி, அவனுக்கு வாய் மட்டும்தான் பெருசு. இன்னொரு தடவை போலாம்."

அந்தத் தடவை மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி பாடியபோதும் அங்கேயே உடைந்தது. வெளியே அடுத்த ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒலிப்பதிவாளர் எழுந்து போய், இன்னும் கொஞ்சம் காத்திருக்கும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டார். திரும்பி வந்தபோது அக்கா ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க நேரத்தை நாம ஏன் எடுக்கணும்? முதல்ல பாடினதையே வச்சுக்கோங்க."

 வண்டியில் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது அக்கா சொன்னாள்: "உங்க இஷ்டத்துக்குப் பாடுங்கன்னாரு. என் இஷ்டம் எதுன்னு தேடிப் பார்த்தேன்டா. ஒண்ணுமே கெடைக்கல."

பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பக்கத்தில் போய்க் காதை வைத்தால்தான் பேச்சு புரியும். கட்டி அதற்குள் நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு இருந்தது சில மாதம். அந்தப் பாட்டைப் போடச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. ஒருநாள் என் மனைவி அவள் தூங்குகிறாள் என்று நினைத்துப் போனில் அதைப் போட்டாள். அக்காவின் விரல் போர்வைமேல் தாளம் போட்டது. பாதியில் விரல் நின்றது. என் மனைவி அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

கடைசி வாரம், தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அந்தப் பாட்டு அப்படியே கிடக்கக் கூடாதுடா. நல்லாப் பாடற பொண்ணாப் பார்த்து, அந்த ஸ்டுடியோ தம்பிகிட்டக் கூட்டிட்டுப் போ."

"சரிக்கா."

"எங்க மூச்சு எடுக்கணும்னு நான் பாடி வச்சிருக்கேன். மொதல்ல அதைக் கேக்கச் சொல்லு. சங்கதியெல்லாம் அவ இஷ்டம். யாரும் குறுக்கப் பேசக் கூடாது. நீயும்தான்."

"உன் குரலை என்ன பண்றது?"

மூச்சு வாங்கியது. என் காதை மறுபடி தன் வாயருகே இழுத்தாள்.

"ரெண்டும் சேர்ந்தா பாட்டு கலங்கிடும். அவ பாடி முடிச்சதும், நீ பக்கத்துலயே நின்னு என்னோடதை அழிக்கச் சொல்லு."